கச்சான் வீசும் கரையில் நான்கு நாள்

மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்தைக் காணாத கத்தோலிக்கக் குடும்பம் நம் தென்மாவட்டங்களில் அரிதாகவே இருக்கும். ஆயினும், நம்மில் பெரும்பாலோர் அதனைக் கண்டது செப்டம்பர் மாதத்தில்தான். முதல் நாள் கொடியேறிப் பதினான்காம் நாள் பெருவிழா நிறைவுறும் அந்த இரு வாரங்களுக்குள்தான். உவரி அந்தோனியார் கோவிலுக்குத் திருவிழாவை ஒட்டித் தை, மாசியில் செல்கிறோம். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோவிலுக்கு இந்து அன்பர்கள் தசராவில் திரள்திரளாகச் செல்கின்றனர். அந்நாள்களில் கடலைக் காண்பதற்கு முன் மக்கட் கடலைக் கடந்தாக வேண்டும். ஊர் திரும்பிய பின்போ, பந்தற்காரர் பந்தலைப் பிரித்து அடுக்கி வைப்பது போல, அந்தக் கரையையும் சுருட்டி மனத்தின் ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம்.

விழாவும் விடுமுறைக் கூட்டமும் இல்லாத காலத்தில் அந்தக் கரை எவ்வாறு இருக்கும் என்று காணும் ஆவல் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அதனைத் தூண்டிவிட்டவர் எங்கள் நண்பர் ஒருவர். பெரியதாழையிற் பிறந்து, இப்போது எங்களைப் போலவே பாளையங்கோட்டையில் குடியிருப்பவர். "மாசியில வந்து பாத்துட்டு எங்க கடல் அழகுங்கிறீங்க. கச்சான் காத்துல ஒரு தடவ வந்து பாருங்க, அப்பத்தான் அந்த ஊர் தெரியும்" என்று அவர் அடிக்கடி சொல்லுவார். ஆகவே, பள்ளிகள் திறப்பதற்குச் சில நாள்களே எஞ்சியிருந்த ஜூன் முதல் வாரத்தில், இரண்டு குடும்பத்தாரும் அவருமாக ஒன்பது பேர், இரவல் வாங்கிய மூன்று கூடாரங்களோடு புறப்பட்டோம். நண்பருக்கு இப்பயணத்தில் வேறொரு காரியமும் இருந்தது. அதனை உரிய இடத்தில் சொல்லுவோம்.

இக்கரையில் வாழ்வோர் ஆண்டைக் காற்றுகளால் பகுத்து வைத்துள்ளனர். ஐப்பசிக்குப் பின் வடக்கிலிருந்து வருவது வாடை. வைகாசியின் பிற்பகுதியில் தொடங்கி ஆடி, ஆவணி வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவது கச்சான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மழையாகக் கொட்டுகின்ற அதே பருவக்காற்று, கணவாய்களின் வழியே நுழைந்தும் குமரிமுனையைச் சுற்றியும் இப்புறம் வரும்போது ஈரமெல்லாம் இழந்து வெறுங்காற்றாக வந்து சேர்கிறது. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவது இதுவே. மணப்பாட்டில் இதற்குச் சுழற்ற ஒன்றுமில்லாமையால் மணலைச் சுழற்றுகிறது.

எங்கள் பயணம் மீன்பிடித் தடைக்காலத்திலும் அமைந்தது. மீன்கள் இனம் பெருகும் காலமெனக் கருதி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது விதி. முன்னர் 45 நாளாக இருந்த இத்தடை 2017 முதல் 61 நாளாயிற்று. மணப்பாட்டிலும் பெரியதாழையிலும் உள்ளவை பெரும்பாலும் வள்ளங்கள். அரசின் தடை அவற்றுக்கு இல்லை. ஆனால் கச்சான் விதிக்கும் தடையிலிருந்து விலக்குப் பெற்ற கலம் எதுவுமில்லை என்பதைப் பேருந்தை விட்டு இறங்கிய சற்று நேரத்திலேயே கண்டோம். வள்ளங்கள் அனைத்தும் மணல்மேல் ஏற்றப்பட்டு வரிசையாய்க் கிடந்தன. அவற்றின் நிழலில் அமர்ந்து சிலர் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தனர். சிலர் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தனர். அந்தச் சும்மா இருத்தல் ஓய்வு போலத் தோன்றவில்லை.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 18 கி.மீ. தொலைவில் உள்ளது மணப்பாடு. குன்றுக்கு வடபுறம், குடியிருப்புகள் முடியுமிடத்தில், நண்பரின் உறவினர் ஒருவருக்கு ஒரு பனைவிளை உண்டு. ஊர்க் கமிட்டியாரிடமும் பங்குத்தந்தையிடமும் முன்னரே சொல்லி இசைவு பெற்று, அந்த விளையிலேயே கூடாரமடித்தோம். கடலோரத்து வெண்மணலில் தங்கவேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். விளைக்குச் சொந்தக்காரரான பெரியவர் அதனைக் காதில் வாங்கவும் மறுத்துவிட்டார். காற்றைக் கண்டால் கடலைக் கணிக்கலாம். காற்றே இல்லாத நாளில், எங்கோ தென்கடலின் கோடியில் எழுந்த பேரலைகள் இங்கு வந்து சேர்ந்து திடீரெனக் கரையேறுவதும் உண்டு. கள்ளனைப் போல் வருவதால் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். இன்று வானொலியும் தொலைக்காட்சியும் அதே பெயரால் எச்சரிக்கை சொல்லுகின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் குமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டுபோனதை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரியவர் அதனை நினைவூட்டியதும் பிள்ளைகள் மறுபேச்சுப் பேசவில்லை.

கூடாரமடிப்பதிலும் அவரே எங்களுக்கு ஆசிரியரானார். கடையில் கூடாரத்தோடு தருகின்ற மெல்லிய இரும்பு முளைகள் மணலில் நில்லா. அவர் கீழே கிடந்த பச்சைப் பனைமட்டைகளை முழ நீளத்துக்கு வெட்டினார். ஒவ்வொன்றின் நடுவிலும் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக் குழியில் கிடைமட்டமாகப் புதைத்து, மேலே மணலை மிதித்து இறுக்கச் செய்தார். அதன் பின் நால்வர் சேர்ந்து இழுத்தும் கயிறு அசையவில்லை. கூடாரத்தின் வாயில் வடகிழக்கைப் பார்த்திருக்கட்டும் என்றும், அடுப்புக்குக் காற்றுப்புறமாக ஓலைத்தட்டி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். இத்தனைக்கும் பிறகு இரவில் ஒருவரும் நன்றாக உறங்கவில்லை என்பது வேறு செய்தி. தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான பனையோலைகள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் ஓசை பெருமழையின் ஓசையை ஒத்தது. நள்ளிரவில் இருமுறை எழுந்து, மழை பெய்கிறதோ என்று கையை வெளியே நீட்டிப் பார்த்தோம். வறண்ட காற்றுத்தான்.

மறுநாட் காலை, காற்று சற்றுத் தணிந்திருக்கும் வேளை பார்த்துக் குன்றின்மேல் ஏறினோம். மணற்பாடு என்பதே மணப்பாடு என மருவிற்று என்பர். பெயருக்கேற்ப, கடலுக்குள் மூக்கு நீட்டிய இக்குன்று மணலும் மணல் இறுகிய கல்லுமாக அமைந்தது. உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அப்பால் கலங்கரை விளக்கம். 1540ஆம் ஆண்டளவில் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலொன்றின் தலைவன், உயிர் பிழைத்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டு, முறிந்த பாய்மரத்தைக் கொண்டே இங்குச் சிலுவை எழுப்பினான் என்பது வழிவழிச் செய்தி. இன்றுள்ள ஆலயத்தின் தொடக்கம் 1581. இவை வாசகர்கள் அறிந்தவையே. நாங்கள் அன்றுதான் அறிந்தது, ஆலய முற்றத்தில் நின்றால் ஒரே நேரத்தில் இரண்டு கடல்களைக் காணலாம் என்பது. தென்புறத்தில் கச்சான் நேராக வந்து மோதுவதால் கடல் வெண்ணுரையும் கலங்கலுமாகக் கொந்தளிக்கிறது. வடபுறத்துக் குடாவிலோ, குன்று காற்றை மறைத்து நிற்பதால், நீர் தட்டில் வார்த்த எண்ணெய் போல அமைதியாய்க் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே சில நூறு அடிகளே உள்ளன. செப்டம்பரிலும் இவை இவ்வாறே இருக்கக்கூடும். அப்போது நாம் கடைகளைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

குன்றின் கடற்புறச் சரிவில் சவேரியார் குகை உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் இதில் தங்கிச் செபித்தார். அவருக்கு முன்பு சைவத் துறவி ஒருவர் இதில் வாழ்ந்ததாகவும் மரபு சொல்லுகிறது. ஒடுங்கிய வாயில், குனிந்தே செல்லவேண்டும். உள்ளே சிறு கிணறு ஒன்று. உப்புக்கடல் எட்டும் தொலைவிலிருக்க, அதன் நீர் குடிக்கத்தக்கதாய் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியந்தனர். மணல் வழியே இறங்கித் தேங்கும் மழைநீர், எடை குறைவாதலால், உப்புநீருக்கு மேலே நிற்கிறது என்று எங்களுள் ஆசிரியப் பணியிலிருப்பவர் விளக்கினார். விளக்கம் சரியானதே. ஆனாலும் ஆளுக்கொரு கை அள்ளிப் பருகிய போது அந்த விளக்கத்தை எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

குகைக்குள் அமர்ந்திருந்த போது, சவேரியாரின் மடல்களிலிருந்து ஒரு செய்தி எங்களிடையே பேச்சுக்கு வந்தது. அதனை இங்குச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம். 1544ஆம் ஆண்டு ஜூன் மாதம், அதாவது நாங்கள் சென்ற அதே பருவம், வடுகப் படைகள் குமரிமுனைப் பக்கத்துப் பரதவர் ஊர்களைச் சூறையாடின. தப்பியோர் கடலிலுள்ள பாறைகளில் ஒளிந்து பசியாலும் தாகத்தாலும் மடிகின்றனர் என்ற செய்தி மணப்பாட்டிலிருந்த சவேரியாரை எட்டியது. அன்றிரவே இருபது தோணிகளைத் திரட்டிக்கொண்டு உதவிக்குப் புறப்படுவதாகத் தம் துணைவர் மான்சிலாசுக்கு எழுதினார். அந்த மாத முடிவில் எழுதிய மடலில், எட்டு நாள் கடலில் கிடந்தும் காற்றின் கொடுமையால் குமரிமுனையை அடைய இயலாமல் திரும்பியதைக் குறிப்பிடுகிறார். பின்னர்த் தரைவழியே நடந்தே சென்று அம்மக்களைக் கண்டார்.

இதனை நாங்கள் முன்பும் படித்ததுண்டு. படித்தபோது, எட்டு நாள் எதற்கு, 65 கி.மீ. தானே என்று தோன்றியது. குகைவாயிலில் நின்று பார்த்தபோதுதான் அது விளங்கிற்று. மணப்பாட்டிலிருந்து குமரிமுனை நேர் தென்மேற்கில் உள்ளது. ஜூன் மாதக் காற்றோ நேர் தென்மேற்கிலிருந்து வருகிறது. தண்டு வலித்தால் முன்னேறும் தொலைவைவிடக் காற்று பின்தள்ளும் தொலைவு மிகுதி. பாயும் துடுப்புமன்றி வேறறியாத தோணிகளில், அரிசியும் நீரும் நிறைத்துக்கொண்டு, அந்த வெண்ணுரைக்குள் எட்டு நாள்! உடன் சென்றவர்கள் இக்கரைப் பரதவராகவே இருந்திருப்பர். அவர்களுடைய பெயர்கள் எம்மடலிலும் இல்லை. கீழே வள்ளத்தின் நிழலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முன்னோராக அவர்கள் இருக்கலாம் என்று எண்ணிய போது, இறங்கி வரும் வழியில் எங்களுக்குப் பேச்செழவில்லை.

ஊருக்குள் பெரிய பெரிய வீடுகள் உள்ளன. இலங்கை வாணிபத்தில் பொருளீட்டிய குடும்பங்கள் எழுப்பியவை. அகன்ற திண்ணையும் உயர்ந்த தூண்களும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுமாக நிற்கின்றன. பல பூட்டிக்கிடக்கின்றன. விழாவுக்கு மட்டும் திறப்பார்களாம். ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் பனங்குருத்தோலையால் பெட்டி முடைந்துகொண்டிருந்தார். ஓலைக்கைத்தொழில் இவ்வூர்ப் பெண்களுக்குப் பழகிய தொழில். அதற்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் உண்டு. "ஆம்பளைக கடலுக்குப் போகாத நாள்ல இதுதான் மக்களே உலைக்கு அரிசி" என்றார் அவர், விரல்களை நிறுத்தாமலே. நாங்கள் வாங்கிய மூன்று பெட்டிகளுக்கு அவர் சொன்ன விலை, அவர் உழைத்த நேரத்துக்கு மிகக் குறைவு. பேரம் பேசத் தொடங்கிய எங்கள் இளையவரை வீட்டம்மா ஒரு பார்வையில் நிறுத்தினார்.

அன்று மாலை கருமேனியாற்றின் கழிமுகத்தைக் காணச் சென்றோம். நாட்டுக்குள்ளே நாங்குனேரி, சாத்தான்குளம் பகுதிகளின் நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் இச்சிறு ஆறு, மணப்பாட்டில் கடலைச் சேர்கிறது, சேர்ந்தால்! ஆண்டின் பெரும்பகுதியும் கடல் மணலைக் குவித்து அதன் வாயை அடைத்துவிடுகிறது. நாங்கள் கண்டது, கடலுக்கும் கழிக்கும் இடையே நீண்டு கிடந்த வெண்மணல் திட்டையும், அதன் பின்னே அசைவற்ற நீரையும், ஒற்றைக் காலில் நின்ற நாரைகளையுமே. இந்த ஆறா வெள்ளம் கொண்டு வரும் என்று எவரும் கேட்பர். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் இக்கரைக்கு வடக்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, திருச்செந்தூரும் மிதந்தது. வாடைக்காலத்தின் வேலை அது. கச்சான் ஆறு மாதம் பாடுபட்டு அடைத்ததை வாடை ஓரிரவில் உடைத்துவிடும் என்று நண்பர் சொன்னார். தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாற்றோடும் நம்பியாற்றோடும் இணைக்கும் கால்வாய் 2025இல் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. சாத்தான்குளத்துத் தேரிக்காடுகளின் கிணறுகள் ஊறினால் நன்று.

தேரி என்றோம். மூன்றாம் நாளை அதற்கே ஒதுக்கினோம். வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு உடன்குடி வழியாகக் குதிரைமொழித் தேரிக்குச் சென்றோம். கடற்கரையிலிருந்து சில கல் தொலைவிலேயே, வெள்ளை மணல் முடிந்து, குங்குமத்தைக் கொட்டிப் பரப்பினாற்போன்ற செம்மணல் மேடுகள் தொடங்குகின்றன. பல்லாயிரம் ஏக்கர் பரப்பு. மணற்குருணை ஒவ்வொன்றின் மேலும் இரும்புத்துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதே இந்நிறத்துக்குக் காரணம். மலையடிவாரத்துச் செம்மண் நிலங்களிலிருந்து இக்காற்றே இதனை வாரிக்கொண்டு வந்து பன்னெடுங்காலமாக இங்குக் குவித்தது என்று முற்கால நிலவியலார் எழுதினர். இம்மேடுகளுக்குள்ளே கற்கால மாந்தர் பயன்படுத்திய சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்துள்ளன. முதன்முதல் அவற்றைக் குறித்தவர் இராபர்ட் புருசு பூட். 1956இல் சாய்னர், ஆல்ச்சின் என்ற அறிஞர் இருவர் விரிவாக ஆய்ந்து எழுதினர். அக்காலத்திலும் இங்கு மீனையும் கடலையும் நம்பிய மக்கள் இருந்திருப்பர் போலும்.

கடந்த நூற்றாண்டுகளில் இத்தேரி ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்து வயல்களையும் வீடுகளையும் மூடியதுண்டு. பனையும் உடைமரமும் வைத்தே மக்கள் அதனைக் கட்டினர். பின்னர்க் கொல்லாமரமும் வைத்தனர். நாங்கள் சென்றபோது மேடுகளின் முகட்டில் செம்புழுதி புகைபோல் எழுந்து பறந்துகொண்டிருந்தது. இரண்டு மேடு ஏறி இறங்குவதற்குள் எங்கள் வெள்ளைச் சட்டைகள் காவியாயின. கற்குவேல் அய்யனார் கோவிலில் கார்த்திகை விழாவுக்குக் கூடும் திரளில் ஒருவரும் இல்லை. கோவில் வாயிலில் ஒரு நாய் மட்டும் காற்றுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

திரும்பும் வழியில் ஒரு விடிலியில் இறங்கினோம். பனையேறிகளுக்கு இதுதான் உச்சிப்பருவம். கடலில் தொழில் நிற்கும் மாதங்களிலேயே கரையில் பனை பால் சுரப்பது இறைவனின் ஏற்பாடு என்று எங்களுடன் வந்த பெரியம்மா சொன்னார். ஆயினும் அதில் ஒரு கொடுமையும் உண்டு. இந்தக் காற்றிலேதான் பனையேறி நாளுக்கு இருமுறை உச்சிக்கு ஏறிப் பாளையைச் சீவவேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை காய்ந்துவிடும். அடியிலிருந்து பார்க்கும் நமக்கு மரம் ஆடுவது தெரிகிறது. மேலே இருப்பவருக்கு நிலம் ஆடுவதாகத் தெரியுமாம். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைப் பனையோலைப் பட்டையில் ஊற்றி எங்களுக்குக் கொடுத்தார் ஓர் அம்மையார். எஞ்சியதைப் பெருந்தாழியில் ஊற்றி, ஓலையும் மட்டையும் எரித்து, மணிக்கணக்கில் கிண்டிப் பாகாக்கிச் சிரட்டைகளில் வார்க்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி என்று பெயர் பெற்றது இதுவே. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு கிடைத்த பிறகும் மரமேற ஆள் கிடைப்பதில்லை என்பதுதான் அந்த அம்மையாரின் வருத்தம். தம் மகன்கள் இருவரும் திருப்பூரில் இருப்பதாகச் சொன்னார். ஏறச் சொல்லித் தாமே அவர்களை வற்புறுத்தவில்லையாம். "விழுந்தா நான் யாருகிட்ட போய் அழுவேன்?" என்றார்.

நான்காம் நாள் விடியுமுன் கூடாரங்களைப் பிரித்து, மூட்டைகளையும் பெரியம்மாவையும் வேனில் அனுப்பிவிட்டு, மற்ற எண்மரும் கரையோரமாகப் பெரியதாழைக்கு நடந்தோம். ஏறத்தாழ 10 கி.மீ. காற்றை எதிர்த்து நடக்கவேண்டியிருந்ததால் நான்கு மணி நேரம் ஆயிற்று. மணல்மேடுகளில் அடம்பங்கொடியும் இராவணன்மீசைப் புல்லும் வேர்களால் மணலைப் பற்றிக்கொண்டிருந்தன. தாழம்புதர்களைக் காண விரும்பினோம். பெரியதாழை, கூடுதாழை என இரண்டு ஊர்கள் தாழையின் பெயரால் விளங்கும் கரை இது. ஆயினும் நாங்கள் கண்ட புதர்கள் மிகச் சிலவே. நீர்விளிம்பில் மணல் பட்டைப்பட்டையாக நிறம் மாறிக் கிடந்தது. ஓரிடத்தில் மாதுளை முத்தின் செந்நிறம், ஓரிடத்தில் கரிய நிறம். கார்னெட், இல்மனைட்டு முதலிய கனிமங்களை அலை தரம் பிரித்து ஒதுக்கியவை அவை. இத்தாது மணலை அள்ளுவதில் எழுந்த முறைகேடுகளும் வழக்குகளும் நாடறிந்தவை. 2013இல் தமிழக அரசு தனியார் அள்ளுவதைத் தடைசெய்தது. எங்கள் பிள்ளைகள் ஒரு சிறு புட்டி நிறைய எடுத்தார்கள். அதையும் நண்பர் கீழே கொட்டச் செய்தார்.

வழியில், கரைக்கு உட்புறத்தே பனைகளுக்கு அப்பால், பெரும்பணி ஒன்று நடப்பதைக் கண்டோம். 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற குலசேகரன்பட்டின விண்கல ஏவுதளத்துக்குரிய நிலம் அது. 2,000 ஏக்கருக்கும் மேற்பட்டது. சிறிய செயற்கைக்கோள்களை இங்கிருந்து நேர் தெற்கே கடலின்மேல் ஏவலாம். சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைத்துச் செலுத்த எரிபொருள் வீணாகும். நாட்டுக்கு இதனால் நன்மை உண்டு என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. எதிரே வந்த மீனவர் இருவர் கேட்ட கேள்வியிலும் நியாயம் உண்டு. காற்று ஒரு பாதி ஆண்டு கரையில் இருத்துகிறது. எஞ்சிய நாள்களில் ஏவுதலுக்காக எத்தனை நாள் கடலை மூடுவார்கள் என்று அவர்கள் கேட்டனர். தெளிவான விடை சொல்லத்தக்கவர் எவரும் தங்கள் ஊருக்கு வந்ததில்லை என்றும் கூறினர்.

பெரியதாழையை அணுகியபோது கடலுக்குள் நீண்ட கருங்கற்குவியல் தோன்றிற்று. தூண்டில் வளைவு என்பர். வள்ளங்கள் அலையடிபடாமல் கரைசேர்வதற்கு அது தேவை. மீனவர்களே நெடுங்காலம் கேட்டுப் பெற்றது. ஆனால், கச்சான் காலத்தில் இக்கரை நெடுகிலும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது; வாடைக்காலத்தில் ஓரளவு திரும்புகிறது. குறுக்கே கல்லை வைத்தால் தென்புறத்தில் மணல் சேரும். வடபுறத்துக் கரைக்கு வரவேண்டிய மணல் வாராமையால் கடல் அங்கே நிலத்தைத் தின்னும். தூண்டில் வளைவு எந்த ஊரில் அமைந்தாலும் இதுவே கணக்கு. ஆகவே வடபுறத்தார் மற்றொரு வளைவு கேட்கிறார்கள்; அதற்கு வடக்கிலுள்ளோர் இன்னொன்று கேட்பர்.

நண்பரின் காரியம் இங்கேதான் இருந்தது. அவருடைய தாயார், எண்பதைக் கடந்தவர், பிறந்து வளர்ந்த வீடு இவ்வூரில் கடற்கரைத் தெருவில் இருந்தது. வீடு இடிந்து ஆண்டுகள் பலவாயின. மனை எஞ்சியிருக்கிறது, பட்டாவும் தாயார் பெயரிலேயே உள்ளது. அதனை என்ன செய்வது என்று உடன்பிறந்தார் நால்வருக்குள் ஒரு முடிவுக்கு வருமுன், நேரில் கண்டு அளந்து வரும்படி தாயார் மகனை அனுப்பியிருந்தார். அவர் கையில் அளவுநாடா இருந்தது. சென்ற மாசியில் வந்தபோது பின்புறத் தென்னையிலிருந்து நீர்விளிம்பு வரை 31 அடி என்று குறித்து வைத்திருந்தார். நாங்கள் சென்ற போது தென்னையைக் காணவில்லை. அது நின்ற இடம் எதுவென்று காட்டுவதற்கே அவர் சற்றுத் தடுமாறினார். பின்னர், அலை பின்வாங்கிய ஒரு நொடியில், மணலுக்கு மேலே வட்டமாக எழுந்து நிற்கும் கிணற்றின் உறைகளைக் கண்டு, அதுவே தம் வீட்டு முற்றம் என்றார். சுற்றியிருந்த மண்ணெல்லாம் போய்விட, கிணறு மட்டும் தூண்போல் கடலுக்குள் நின்றது.

நாடாவை அவர் விரிக்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர் ஒருவர் வந்து, கோவில் பக்கத்து மேட்டில் தாம் குடியேறிய இடத்தைக் காட்டி, எங்களை அழைத்துச்சென்று கடுங்காப்பி கொடுத்தார். அங்கிருந்து நண்பர் தாயாருக்குத் தொலைபேசியில் பேசினார். காற்றின் இரைச்சலில் உரக்கவே பேசவேண்டியிருந்ததால் எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மனையைப் பற்றி அந்தத் தாய் ஒன்றும் கேட்கவில்லை. கிணறு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது அம்மா என்றார் மகன். தண்ணீர் இன்னும் நன்றாக இருக்கிறதா, குடித்துப் பார்த்தாயா என்று கேட்டார். மணல் நிறைந்திருக்கிறது என்று சொல்ல நண்பர் வாயெடுத்தார்; பின்பு, அலை சற்றுத் தணியட்டும், பார்த்துச் சொல்லுகிறேன் என்றார்.